தோட்டத்திலிருந்து மாடி வீட்டுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியவை எவை?

கிராண்ட்பாஸ் தோட்டத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில், அதாவது சிறு வீடுகள் நெருக்கமாக இருக்கும் குடியிருப்பில், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவர்களும் கலந்து மூன்று தலைமுறையாக வாழ்கிறோம். ஆண்களில் பலருக்குப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் வேலை. மெனிங் மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போன பிறகு சிலர் விடியுமுன்பே அங்கு போய் வருகிறார்கள். பெண்கள் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள், தையல் தைக்கிறார்கள், கடைகளுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுக்கிறார்கள். இப்போது எங்களுக்கு அடுக்குமாடியில் வீடு என்று கடிதம் வந்திருக்கிறது.

போவதா, இருப்பதா என்ற விவாதத்தை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வருவதையும், பத்து வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்ற நிலையையும் பொறுக்க முடியாமல் பெரும்பாலானவர்கள் சம்மதித்துவிட்டார்கள். என் கவலை வேறு. எங்கள் தோட்டத்தில் சாவு வீடுகளுக்கு உதவும் மரணாதார சங்கம் இருக்கிறது, சீட்டு ஓடுகிறது, வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துக்கொள்கிறார். இவையெல்லாம் வாசலுக்கு வாசல் பார்த்தபடி இருப்பதால் நடப்பவை. வீடுகளைக் குலுக்கல் முறையில் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் இன்று ஒரே சுவரைப் பகிர்ந்திருக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று மூன்றாம் மாடிக்கும் மற்றது பதினோராம் மாடிக்கும் போகலாம். ஏற்கெனவே இப்படிக் குடிபோனவர்கள் இங்கே இருப்பீர்கள். போவதற்கு முன்பு, எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும்போதே, நாங்கள் எவற்றைப் பேசி முடிவெடுக்க வேண்டும்?

ஒன்பதாம் மாடி

தம்பி, நீங்கள் கேட்டிருக்கும் நேரம் சரியான நேரம். நாங்கள் குடிவந்து பல ஆண்டுகளாகிவிட்டன. ஆகவே அன்றாடம் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீரும் மின்சாரமும். தோட்டத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மாடியில் அது நேராக வருவதில்லை. கீழே உள்ள தொட்டியில் நிரம்பி, மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்துதான் வீடுகளுக்கு இறங்குகிறது. மின்சாரம் போனால் லிப்ட் உடனே நிற்கும். மேல்தொட்டி வெறுமையானதும் தண்ணீரும் நிற்கும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் இருட்டில் படியேறித் தண்ணீர்ப் போத்தல் சுமந்தார்கள். முழங்கால் வலியுள்ள முதியவர்கள் நாட்கணக்கில் கீழே இறங்கவில்லை. இதில் யார் தவறு என்று பேசுவதை விட, எந்த மாடியில் எந்த வீட்டில் நடக்க முடியாதவர், கர்ப்பிணி, இன்சுலின் ஏற்றிக்கொள்பவர் இருக்கிறார் என்ற பட்டியல் ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் கையில் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்பதையே நான் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பட்டியலை நீங்கள் தோட்டத்தில் இருக்கும்போதே ஒரு மாலை நேரத்தில் எழுதிவிடலாம், ஏனென்றால் இன்று எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

அதே பட்டியலை வைத்துக்கொண்டு, குலுக்கல் நடப்பதற்கு முன்பே, நடக்க முடியாதவர்கள் இருக்கும் குடும்பங்களுக்குக் கீழ்மாடிகளை ஒதுக்குமாறு எழுத்தில் கேளுங்கள். குலுக்கல் முடிந்த பிறகு கேட்டால், ‘நீங்களே ஆள் பிடித்து மாற்றிக்கொள்ளுங்கள்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

இரண்டாவது, பராமரிப்புப் பணம். லிப்டுக்கும் மோட்டாருக்கும் நடைபாதை விளக்குக்கும் பொது மின்கட்டணம் வரும். தோட்டத்தில் அப்படியொரு செலவே இல்லாததால், மாதாமாதம் அதற்குப் பணம் கொடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் இருக்கும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நாட்கூலிக்காரருக்கு மாதக் கட்டணம் என்பதே புதிய பழக்கம். எங்கள் மாடியில் வாரக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியதும் பணம் ஒழுங்காக வந்தது. சேர்ந்த தொகையும் செலவும் லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டப்படுகின்றன, தமிழிலும் சிங்களத்திலும்.

ஓய்வுபெற்ற ஓவசியர்

மாநகரசபை வேலையில் நான் பல தோட்டங்களுக்குள் நடந்தவன் என்பதால் கொஞ்சம் பழைய கதையையும் சேர்க்கிறேன். அது உங்கள் கேள்விக்குத் தேவையானது.

1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகுதான் கொழும்பின் பழைய வரிசை வீடுகளில் வாடகைக்கு இருந்த பலருக்கு இருந்த வீடே சொந்தமாகும் வழி திறந்தது. 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை உருவானது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது, கொழும்பின் தோட்டங்களில் சமூக அபிவிருத்திச் சபைகள் இயங்கின. அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்து, மரத்தடியில் பாய் விரித்து, எந்த ஒழுங்கை எவ்வளவு அகலம், பொதுக்குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்று மக்களோடு பேசி வரைபடம் போட்டார்கள். சிறிய வடிகால், படிக்கட்டு, குழாய்க் கிணறு போன்ற வேலைகளை அந்தச் சபைகளே ஒப்பந்தம் எடுத்துச் செய்தன. குறைகள் இருந்தன. ஆனால் தன் கையால் போட்ட வடிகாலில் யாரும் குப்பை கொட்டவில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

2010க்குப் பிந்திய மாடிக்குடியிருப்புத் திட்டங்களில் அந்தப் பாய் விரித்த பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. மாடி வீடு என்பதே புதிய யோசனையல்ல. வனாத்தமுல்லையில் சஹஸ்புர 671 வீடுகளோடு 2001இலேயே வந்துவிட்டது. அங்கேயும் மக்கள் கூடிப் பேசிய மாடிகள் வேறு விதமாகவும், பேசாத மாடிகள் வேறு விதமாகவும் இருக்கின்றன. ஆகையால் யாராவது வந்து கூட்டம் போடும் வரை காத்திருக்காமல் நீங்களே கூட்டத்தைக் கூட்டி, குறிப்பு எழுதி, கையெழுத்து வாங்கி, பிரதியைப் பிரதேச செயலகத்தில் பதிவுத்தபாலில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றை மறக்க வேண்டாம். வீடு இடிக்கப்படுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் பழைய மின்கட்டணப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், வாக்காளர் இடாப்புப் பிரதி, கணக்கெடுப்பு அட்டை, வரிப்பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு, தொலைபேசியில் படமும் எடுத்து வைக்க வேண்டும். ஒரு கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும் வீடுகளில் இது இரட்டிப்பாக முக்கியம். ஒரு வீட்டுக்குப் பதில் ஒரு வீடு என்று கணக்குப் பார்த்துவிட்டால், தனிச் சமையல் செய்யும் மகன் குடும்பம் எங்கே போகும்?

இடியப்பம் அவிக்கும் அக்கா

தம்பி, ஆண்கள் எல்லோரும் தண்ணீரையும் பத்திரத்தையும் பற்றி எழுதிவிட்டீர்கள். வீட்டிலிருந்தே உழைக்கும் பெண்களின் தொழில் மாடிக்குப் போனதும் என்னவாகும் என்பதையும் பேச வேண்டும்.

நான் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி, சிவப்பரிசி மாவும் வெள்ளை மாவும் தனித்தனியாகக் குழைத்து, ஆறு மணிக்குள் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அனுப்புகிறவள். தோட்டத்தில் வாசலில் விறகடுப்பு இருந்தது. புகை வானத்துக்குப் போனது. மாடி வீட்டில் விறகு எரிக்க முடியாது, எரிக்கவும் கூடாது. காஸ் அடுப்புக்கு மாறியதும் முதல் மாதங்களில் கையில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். அடுத்தது நீராவி. சின்னச் சமையலறையில் அடுக்கடுக்காகப் பிரம்புத் தட்டுகளை அவிக்கும்போது ஆவி மேல்சுவரில் படிந்து, சொட்டுச் சொட்டாக வடிந்து, சில மாதங்களில் சுண்ணாம்பு உரிந்து கருப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. யன்னலுக்கு மேலே காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்றைப் பூட்டிய பிறகுதான் சரியானது. சமையல் தொழில் செய்கிறவர்கள் குடிபோகும் முதல் வாரத்திலேயே அதைப் பூட்டிவிடுங்கள்.

தொழிலைப் பற்றி உங்கள் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசுங்கள். யார் வீட்டில் மாவரைக்கிறார்கள், யார் தையல் இயந்திரம் ஓட்டுகிறார்கள், எத்தனை மணிக்குச் சத்தம் வரும், அதிகாலையில் பெரிய பாத்திரங்களோடு லிப்டைப் பாவிக்கலாமா என்பதெல்லாம் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளப்பட்டால், பிறகு கீழ்வீட்டாரோடு சண்டை வராது. எங்கள் கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு வெற்று இடத்தைப் பெண்கள் சிலர் சேர்ந்து எழுதிக் கேட்டு, காலையில் மட்டும் உணவு விற்கும் மேசைகள் போட அனுமதி பெற்றோம். தோட்டத்து முன்கடையில் மிட்டாயும் சவர்க்காரமும் விற்றுப் பிழைத்த விதவைப் பெண் ஒருவருக்கு அங்கேதான் மறுபடி வருமானம் வந்தது. ஒன்பதாம் மாடியில் யார் கடை வைத்தாலும், மற்ற மாடிக்காரர் ஏறி வந்து வாங்கமாட்டார்கள்.

மாளிகாவத்தை நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மரணாதார சங்கத்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாக எழுதவில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முதன்மையானது.

எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில் ஒரு மௌத்து (மரணம்) நடந்தபோது, ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி லிப்டுக்குள் படுக்கை வாட்டில் நுழையவில்லை. நிமிர்த்தி வைப்பதற்கு எவருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் படிக்கட்டு வழியாக இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிக்கு மேலே தூக்கித் திருப்ப வேண்டியிருந்தது. அப்போது தோள் கொடுத்தவர்களில் பாதிப்பேர் தமிழ்ப் பொடியன்களும் சிங்களப் பொடியன்களும். அன்றிரவே நாங்கள் பேசி எடுத்த முடிவு, மேல்மாடிகளில் எவர் இறந்தாலும், குடும்பம் சம்மதித்தால், உடலைக் கீழ்த்தளத்துப் பொது மண்டபத்திலேயே வைப்பது என்பது. எங்கள் வழக்கத்தில் அன்றே அடக்கிவிடுவோம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஓரிரு நாள் வைத்திருப்பார்கள். பௌத்தர்களுக்குப் பன்சலையிலிருந்து (விகாரையிலிருந்து) ஹாமுதுருமார், அதாவது பிக்குமார், வருவார்கள். ஆகவே மண்டபத்தில் எது எப்படி நடக்கும், அந்த நாட்களில் கல்யாண வீடு பதிவாகியிருந்தால் என்ன செய்வது என்பதை எழுதி வைத்திருக்கிறோம்.

சங்கத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று வைத்துக்கொள்வோம் என்று உங்களிடம் சிலர் சொல்வார்கள். சடங்கு அவரவருடையதாக இருக்கட்டும், ஆனால் கதிரையும் பந்தலும் தேநீர்க் கொதிகலனும் பணப்பெட்டியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் முதலில் ஓடிப்போய்க் கதவைத் தட்டப்போவது பக்கத்து வீட்டுக்காரர்தான், அவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும்.

தோட்டத்துச் சங்கத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். பழைய அங்கத்தவர் பதிவேடு, வங்கிக் கணக்கு, இரட்டைக் கையொப்பம் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோங்கள்; முகவரியை மட்டும் மாற்றுங்கள். வேறு தோட்டங்களிலிருந்து அதே கட்டிடத்துக்கு வருகிறவர்களையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தெமட்டகொட இளைஞன்

மன்னிக்க வேண்டும், எனக்கு வேறு கருத்து. கூட்டாதன வீடுகளுக்கு, அதாவது ஒரே கட்டிடத்தில் தனித்தனி உரிமையுள்ள மாடி வீடுகளுக்கு, சட்டப்படியே முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும்போது, சங்கத்துக்கு மேல் சங்கம் ஏன்? பழைய சங்கங்களில் சில பெரியவர்களே பல ஆண்டுகளாகத் தலைவராகவும் பொருளாளராகவும் இருக்கிறார்கள். புதிய இடத்துக்கு அதே ஆட்களைச் சுமந்துகொண்டு போகத்தான் வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஓவசியர்

தம்பி சொல்வதன் இரண்டாம் பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். கணக்கு ஆண்டுதோறும் காட்டப்பட வேண்டும், பெண்களும் இளைஞர்களும் நிர்வாகத்தில் இருக்க வேண்டும். முதற்பகுதிக்குச் சட்டம் தெரிந்தவர் யாராவது பதில் சொன்னால் நல்லது.

சட்ட உதவித் தொண்டர்

சொல்கிறேன். 1973இன் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டப்படி, கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவான பிறகே வீட்டு உரிமையாளர்கள் எல்லோரையும் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகிறது. பொது இடங்களைப் பராமரிப்பதும் அதற்குப் பணம் அறவிடுவதும் அதன் பொறுப்பு. கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இவற்றை மேற்பார்வை செய்கிறது. ஆனால் குடியேறும் நாளுக்கும் இந்தப் பதிவு முடியும் நாளுக்கும் இடையே நீண்ட காலம் செல்லலாம். அந்த இடைவெளியில் லிப்ட் பழுதானால் கடிதம் எழுத ஓர் அமைப்பு வேண்டும். ஆகவே மாடிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று பிரதிநிதிகளைத் தெரிவுசெய்த ஒரு சங்கம் ஆரம்பத்திலேயே இருப்பது நல்லது. பிறகு கூட்டுத்தாபனத்தின் சபைக்கு அவர்களே போட்டியிடலாம். மரணாதார சங்கத்தின் வேலை முற்றிலும் வேறு. அதைக் கட்டிடப் பராமரிப்போடு கலக்க வேண்டாம், இரண்டு பணப்பெட்டிகளும் தனித்தனியாக இருக்கட்டும்.

பத்திர விடயத்தில் ஒன்றை வலியுறுத்துகிறேன். இவ்வகைத் திட்டங்களில் குடும்பங்கள் 10 இலட்சம் ரூபாய் வரையான தொகையை 20 அல்லது 30 ஆண்டுகளுக்குத் தவணையாகச் செலுத்துமாறு கேட்கப்பட்டதுண்டு. தவணை கட்டும் பெண்ணின் பெயர் ஒப்பந்தத்தில் இல்லாமல், வீட்டை விட்டுப் போய்விட்ட கணவனின் பெயர் மட்டும் இருக்கும் சிக்கல்களோடு பலர் எங்களிடம் வருகிறார்கள். கையெழுத்திடுமுன் இருவர் பெயரையும் சேர்க்கக் கேளுங்கள். புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது.

அயலவர் தகராறுகளுக்கு உடனே பொலிசுக்கு ஓட வேண்டியதில்லை. 1988இன் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லை என்றே சொல்லலாம்.

கிராண்ட்பாஸ் தோட்டத்தான்

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா, சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் இப்போது இரண்டு பெரிய சீட்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இடியப்பம் அவிக்கும் அக்கா

ஓடுகிற சீட்டை இடம் மாறுவதற்கு முன் முடித்துவிடுங்கள் தம்பி. முடிக்க முடியாவிட்டால் மிச்சத் தவணையைக் கணக்குப் பார்த்து எழுதி, சீட்டு எடுத்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முதலில் சீட்டு எடுத்தவர் எட்டாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டால், கடைசிச் சீட்டுக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்குத்தான் நட்டம். தோட்டத்தில் குழாயடிக்கு வந்தே ஆக வேண்டும் என்பதால் யாரும் ஒளிய முடியவில்லை; அந்தக் கட்டுப்பாடு மாடியில் இல்லை.

புதிய இடத்தில் முதலாண்டு சின்னச் சீட்டாக, ஒரே மாடிக்காரர்களோடு மட்டும் பிடியுங்கள். சீட்டுகளுக்கென்று 1935ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் இருக்கிறது. நாங்கள் பிடிக்கும் கைச்சீட்டு பெரும்பாலும் பதிவில்லாத நம்பிக்கைச் சீட்டு. நம்பிக்கையை அளந்து பார்த்த பிறகு தொகையைக் கூட்டலாம்.

மருதானை ஆசிரியை

பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். முதலாம் வகுப்பு அனுமதியில் வதிவிடத்துக்கும் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த ஆண்டுகளுக்கும் புள்ளிகள் உண்டு. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பாடசாலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், முகவரி மாறும் விடயத்தைக் கிராம உத்தியோகத்தரோடு இப்போதே பேசிவிட வேண்டும். அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி பெறும் குடும்பங்களும் அப்படியே.

ஓவசியர் ஐயா சொன்ன மரத்தடி மாடியில் இல்லை. பிள்ளைகளுக்கு மிஞ்சுவது நடைபாதையும் படிக்கட்டும்தான். மாலையில் படிக்கட்டு விளக்குகள் எரியாத கட்டிடங்களில் போதைப்பொருள் விற்பவர்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடுகிறார்கள், பிறகு பெண்பிள்ளைகள் தனியே ஏறி இறங்கத் தயங்குகிறார்கள். எங்கள் மாணவிகளின் குடியிருப்பொன்றில் தாய்மார் சிலர் பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு வரை மாடிக்கு ஒருவராகக் கதிரை போட்டுப் படிக்கட்டு வாசலில் அமர்ந்தார்கள். கீரை ஆய்ந்துகொண்டும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள், அவ்வளவுதான். வந்து நின்றவர்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். தோட்டத்து ஆச்சிமார் வாசலில் இருந்து செய்த காவல் இதுவே, மாடியில் அதற்கு முறைவைக்க வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் மாடி

குப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 புத்தாண்டு நாளில் மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்ததைக் கண்டவர்கள் நாங்கள். அதே ஆண்டில்தான் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. சமையற்கழிவைக் குழாய் வழியாக மேலிருந்து போடும் வசதி உங்கள் கட்டிடத்தில் இருந்தால், அதில் கட்டாத பையைப் போடக்கூடாது. இரண்டாம் மாடியில் அடைத்துக்கொண்டால் நாற்றம் எல்லா வீட்டுக்கும் வரும். மொட்டைமாடித் தொட்டியின் மூடியை வாரம் ஒருமுறை ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும். அந்தச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்.

கிராண்ட்பாஸ் தோட்டத்தான்

வருகிற ஞாயிறு கூட்டம் வைத்திருக்கிறோம். கீழ்மாடிக் கோரிக்கை, மரணாதார சங்கத்தை மாற்றாமல் கொண்டுபோவது, மாடிப் பிரதிநிதிகள், சீட்டுக் கணக்கு, தொழில்களின் பட்டியல் ஆகியவற்றைப் பேசப்போகிறோம். சிங்களத்தில் குறிப்பு எழுத ஒரு தங்கையும் தமிழில் எழுத ஓர் ஆசிரியரும் சம்மதித்திருக்கிறார்கள். வீட்டுச் சாவியைக் கையளிக்கும் நாளில் என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஒன்பதாம் மாடி

மாடி வீடுகளில் வரும் சண்டைகளில் பெரும்பகுதி மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கசிவதால் வருவது. ஆகவே சாவி வாங்கும் நாளில் ஒரு பழந்துணியும் ஒரு வாளியும் கொண்டுபோங்கள். குளியலறையின் வடிகால் வாயைத் துணியால் அடைத்து, தரையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி ஒரு மணிநேரமாவது விடுங்கள். அந்த நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைப் பார்க்கட்டும், நீங்கள் உங்கள் மேல்வீட்டுக்காகப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து அழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் தொலைபேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். தண்ணீர் மானியிலும் மின்மானியிலும் உள்ள எண்களைப் படமெடுத்து, உங்கள் வீட்டு இலக்கம்தானா அதில் ஒட்டியிருக்கிறது என்றும் சரிபாருங்கள். மாறி ஒட்டப்பட்ட மானியால் பக்கத்து வீட்டுக் கட்டணத்தைக் கட்டிய குடும்பத்தை எனக்குத் தெரியும். சாவி கொடுப்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கண்ட குறைகள் எல்லாவற்றையும் கையளிப்புத் தாளிலேயே எழுதி, அதன் பிரதியொன்றை வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்து வையுங்கள்.